அண்டா நின்ற மூலை

எங்கள் சமையலறையில் ஒரு ஆள் நிற்கலாம். அந்த ஒரு ஆளும் ஒடுங்கித்தான் நிற்க வேண்டும். மீதி இடத்தில் அண்டா நின்றது.

மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஓர் அறை, அதை ஒட்டி ஐந்தடிக்கு ஆறடியில் சமையலறை. சுவரில் ஒரே ஒரு சிமெண்டுப் பலகை. மிளகாய்த்தூள் ஆணியில் தொங்கும் பையில் இருக்கும். அகப்பைகள் கதவுக்குப் பின்னால். உள்ளே இடமில்லாமல் அரிசி டின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அம்மா வேளாவேளைக்குக் கட்டிலுக்கடியில் தலையை விட்டு அரிசி அள்ளி வருவாள். அண்டா மட்டும் மூலையில் காலியாக, கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். கல்யாணச் சமையலுக்கான பித்தளை அண்டா. அதில் அடுப்படிச் சாமான் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது பெரியப்பாவின் உத்தரவு.

அது அப்பாவின் பங்கு. நான் பிறந்த வருடம் தாத்தா இறந்தார். ஹனூரில் தாத்தா உழுத காட்டைப் பெரியப்பா பார்த்துக்கொள்வது, குடும்பத்தின் மானமான அண்டா அப்பாவிடம் இருப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் பெரியப்பா. அப்பா நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி நோட்டீஸோ கரண்ட் பில்லோ, வரிசை வீட்டில் எல்லாருக்கும் கன்னடத்தில் இருப்பதைப் படித்துச் சொல்வது அவர்தான். ஆனால் சொந்தமாகப் பேசு என்றால் கூச்சப்படுவார். "நம்ம பங்கு என்னாச்சுங்க?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் களித் தட்டிலிருந்து தலை நிமிராமல் அண்டாவைக் கைகாட்டுவார். "அதான் குடுத்திருக்காரே."

எனக்கு அண்டாவின் மேல் ஒரு குறையும் இல்லை. ஆள் வந்தால் ஒளிகிற பிள்ளை நான். உள்ளே இறங்கிக் குந்திக்கொண்டால் வெளியே பேசுவதெல்லாம் கிண்ணென்று கேட்கும். என்னை யாரும் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்க முடியாது.

தசரா ஊர்வலம் பார்க்க ஒவ்வொரு வருடமும் பெரியப்பா குடும்பத்தோடு வந்து நாலு நாள் தங்குவார். ஒரு முறை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தவர் பலகையில் முழங்கையை இடித்துக்கொண்டார்.

"என்ன அம்மிணி, அடுப்படியா இது, எலிப்பொந்தா? வேண்டாததையெல்லாம் எடுத்து வெளிய போடு."

"சரீங்க மாமா" என்றாள் அம்மா.

அடுத்த தசராவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையைக் காலி செய்தாள். சாமான்களெல்லாம் அறைக்கு வந்துவிட்டன. நடுவில் சம்மணம் போட்டு அப்பா களி தின்றுகொண்டிருந்தார். அம்மா அண்டாவையும் இழுத்து வந்து புளி போட்டுத் தேய்த்தாள். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு அது வெறும் அலங்காரம். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. கன்னட எழுத்து கூட்டிப் படிக்கப் புதிதாகப் பழகியிருந்ததால் கடைப்பலகை, சோப்புத்தாள் எதையும் விடுவதில்லை. புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். பெரியப்பாவின் பெயர். "இதுல ஒரு பேரு இருக்கும்மா" என்றேன்.

"யாரு பேருடா? தாத்தா பேரா?"

"பெரியப்பா பேரு."

"இன்னொருக்காப் படிடா."

பாராட்டு கிடைக்கும் என்று உரக்கப் படித்தேன். கிடைக்கவில்லை. அம்மாவின் கை நின்றது. அப்பாவின் வாயும் நின்றது. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்து அண்டாவுக்குள் இறங்கிக்கொண்டேன்.

பிறகு அம்மாவின் குரல் மேலே கேட்டது.

"ஒளிஞ்சுக்கிட்டிருந்தது போதும். எந்திரிங்க."

நான் எழுந்தேன். அப்பாவும் எழுந்தார். பாதிக் களியைத் தட்டில் விட்டுவிட்டு, கையைக் கழுவி, அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். இன்னொரு காதை அம்மா பிடித்தாள். பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் தூக்கிப் போக, நான் பின்னால் ஓடினேன். அப்பா பஸ்ஸில் ஏறவில்லை.

"ஏனம்மா, மதுவெனா?" கல்யாணமா என்று கேட்டார் கண்டக்டர்.

"மதுவெ அல்லப்பா, வாபஸு" என்றாள் அம்மா.

என் ஒளிகிற இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொள்ளேகால் வரை அழுதேன்.

ஹனூரில் இறங்கியதும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவைப் படுக்க வைத்து உருட்டினாள். தெருக்கல்லில் அது போட்ட சத்தத்தில் வீட்டுக்கு வீடு தலை நீட்டினார்கள். வாசலில் கட்டில் போட்டு இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து நின்றார்.

"என்ன அம்மிணி இது கூத்து?"

"நீங்கதானுங் மாமா சொன்னீங்க, வேண்டாததையெல்லாம் எடுத்து வெளிய போடுன்னு. போட வந்தனுங்க."

"அது உம் புருசனோட பங்கு!"

"பங்குன்னா அவுங்க பேரு இருக்கோணுமில்லீங்களா?" என்னை முன்னால் தள்ளினாள். "படிடா."

பெரியவர் பெயரை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதா? அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்து முணுமுணுத்தேன்.

"சத்தமாப் படிடா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தேன். கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"பட்டணத்துக்குப் போயி வாய் நீண்டு போச்சு உனக்கு" என்றார் பெரியப்பா.

"ஊடு சின்னதுங்க மாமா. வாயாவது நீளட்டுங்க. உங்க பேரு உங்க ஊட்லயே இருக்கட்டும். எங்க பேர்ல என்ன இருக்கோ அதைக் குடுங்க."

எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினோம்.

அந்த தசராவுக்குப் பெரியப்பா வரவில்லை. சாமான்களெல்லாம் சமையலறைக்குத் திரும்பின, பழைய ஆணிக்கும் பழைய பலகைக்கும். மூலையில் அண்டா நின்ற இடம் வட்டமாகத் தடம் பதிந்து காலியாக இருந்தது. "அரிசி டின்னை அங்க வைக்கலாமே அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அது காலியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அவ்வளவு நெருக்கடியிலும் ஒரு கரண்டியைக்கூட அங்கே வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்தே அரிசி அள்ளினாள். அப்பா வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டால், தட்டை எடுத்து அந்த மூலைக்கு எதிரில் வைப்பாள். எனக்காகத்தான் இடம் விட்டிருக்கிறாள் என்று நினைத்து நான் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு அப்பா தனியாக ஹனூர் போனார். வெறுங்கையோடு வந்தார். மறுபடி போனார். மூன்றாவது முறை தன் பெயர் போட்ட பத்திரத்தோடு வந்தார். ஒன்றேகால் ஏக்கர் மேட்டுக்காடு. மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் கல். அன்று சாயங்காலமே அம்மா என்னை மூலையிலிருந்து எழுப்பிவிட்டு, வட்டத்தின் நடுவில் அரிசி டின்னை வைத்தாள். எனக்கு ஒளிய இடமில்லை என்று அன்றும் அழுதேன்.

என் படிப்பு நாலாவதோடு நின்றுபோனது. படித்ததில் வேலைக்கு ஆனது அண்டாக் கழுத்தில் இருந்த அந்த ஒரு வரிதான் என்று வெகுகாலம் பெருமைப்பட்டிருக்கிறேன். எட்டு வருடமாக யார் கண்ணிலும் படாததை நான் கண்டுபிடித்தேன் என்று.

இப்போது என் வீட்டுச் சமையலறையும் அதே அளவுதான். போன வாரம் என் மனைவி அதை ஒழித்துக்கொண்டிருந்தாள். சாமான்களுக்கு நடுவில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். "எந்திரிங்க" என்றாள். அண்டாவுக்குள் எனக்குக் கேட்ட அதே வார்த்தை. எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா என்னிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.