மூழ்க அனுமதி

நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் முழுக்கக் கடற்படையின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடுவில் ஓர் அரசு முகமை இருக்கிறது. எந்தக் கப்பல் எப்போது பட்டறைக்கு வரவேண்டும், எந்த உதிரிபாகத்தை எதில் பொருத்த வேண்டும், வேலை முடிந்த கப்பல் மறுபடி மூழ்கலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். அந்த முகமையில் ஆய்வாளராக இருந்தவளைப் பட்டறையில் எல்லோரும் 'தண்ணி மேடம்' என்றார்கள். எந்தக் குழாயைப் பார்த்தாலும் "தண்ணி வருதா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவள் கிட்டே வந்தால் மோந்து பார்த்ததும் உண்டு. அது தெரிந்தபோது அவளும்தான் சிரித்தாள்.

வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கல்யாணமான புதிதில் கணவன் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். போகப் போகக் கசந்துவிட்டது. "என்ன நடந்துச்சுன்னு எப்ப கேட்டாலும் ஒண்ணுமில்லங்கிற. இந்த வீட்டுல நான் யார்கூடத்தான் பேசறது?" என்றான் ஒருநாள். அவளுக்கும் அதே கேள்வி இருந்தது. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு, டிவியை ஓடவிட்டுக்கொண்டு சமைக்கப் பழகினாள். என்ன ஓடுகிறது என்று கவனிப்பதில்லை. ஏதாவது குரல் கேட்டால் போதும்.

அந்த வருஷம் ஒரு பழைய கப்பல் பெரிய பழுதுபார்ப்பு முடிந்து சோதனை ஓட்டத்துக்குத் தயாரானது. முகமையின் சார்பில் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். இவளை அனுப்பினார்கள்.

உள்ளே ஒருவர் நகர்ந்தால் மூன்று பேர் ஒதுங்க வேண்டியிருந்தது. சமையல்காரர் அவள் கையில் டீயைக் கொடுத்து, "தலை பத்திரம் மேடம், இங்க எல்லாமே இடிக்கும்" என்றார். கேப்டன் கால்களை மடக்கிக்கொண்டு தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். யாரோ பழைய கதை ஒன்றைச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். கப்பல் மெதுவாகக் கீழே இறங்கியது.

என்ஜின் பகுதியில், கடல்நீர் போகும் குழாயின் இணைப்பு ஒன்று ஈரமாக இருந்தது. குளிர்ந்த குழாயில் காற்றிலிருந்து படிந்த வெறும் ஈரமாக இருக்கலாம். விரலைத் துடைத்துவிட்டு அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"சொட்டுச் சொட்டாத்தான் மேடம் வருது. இறுக்கினா நின்னுடும்" என்றார் தலைமை என்ஜினீயர். இறுக்கினார், நின்றது. இன்னும் ஆழம் போனதும் மறுபடி கசிந்தது.

கேப்டன் வந்து பார்த்தார். "இன்னிக்கு ஓகேன்னு குடுத்துடுங்க. கரைக்குப் போய் மாத்திக்கறோம்."

"மாத்தினப்புறம் குடுக்கறேன் சார்."

"புதுசு செஞ்சு வந்து மறுபடி சோதனை வைக்க ஆறு மாசம் தள்ளிப்போகும். தெரியுமா?"

"தெரியும் சார்."

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் பேசவில்லை. இடம் மட்டும் அப்படியே நெருக்கமாகத்தான் இருந்தது. கரை வரும்வரை தன் முழங்கைகளை இறுக்கி ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கழற்றிய இணைப்பில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. "இது பெருசாயிருக்குமா?" என்று பரிசோதனைக்கூடத்துக்காரரிடம் கேட்டாள்.

"ஆயிருக்கலாம். ஆகாம இப்படியே பல வருஷம் ஓடியிருக்கவும் செய்யலாம்" என்றார் அவர்.

அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. அவளை யாரும் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. கேன்டீனில் அவள் உட்காரும் மேஜைக்கு மட்டும் ஆள் வருவது நின்றுபோயிற்று. செய்தது சரிதானா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். ஒருநாள் சரி என்று தோன்றும், மறுநாள் தோன்றாது.

புது இணைப்பு செய்து வந்து, மறுபடி சோதனை நடந்தது. இந்தமுறை வேறொருவர் போய் அனுமதி கொடுத்தார். கப்பல் கிளம்பிய காலையில் அவளாகவே துறைக்குப் போய், வழியனுப்ப வந்திருந்த குடும்பங்களுக்குப் பின்னால் நின்றாள்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரும் இதுலதான் போறாரா அக்கா?"

"இல்லம்மா. எனக்கு இங்க வேலை."

"ஓ. இது அப்பவே கிளம்பியிருக்கணும்க்கா. யாரோ ஒரு அம்மா முடியாதுன்னுட்டாங்களாம். அவங்களை இவர் திட்டாத நாளில்ல." குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஆனா அதனாலதான் இவ பொறந்தப்போ கூட இருந்தாரு."

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தவள், குழந்தையின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் வரிசையாக நின்றவர்களில் யார் யார் என்று தெரியவில்லை. "கொஞ்சம் பிடிங்கக்கா" என்று குழந்தையைச் சட்டென்று அவளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள். குழந்தை அழவில்லை. நல்ல கனமாக இருந்தது. கப்பல் கண்ணுக்கு மறையும்வரை அவள் அதைக் கை மாற்றாமல் வைத்திருந்தாள்.