சிவப்பு மையில் அடிபட்ட பதினான்கு பெண்கள்

மகாராஷ்டிரத்துச் சாதாராவில், வரலாற்று மண்டலம் என்ற எங்கள் ஆராய்ச்சிச் சங்கத்தின் செயற்குழுவில் ஏழு ஆண்கள். ஏழு பேரின் வயதையும் கூட்டினால் ஐந்நூறு வரும். மூளையைக் கூட்டினால் என்ன வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நூலகம் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். பேஷ்வாவின் குதிரைக்குக் கொள்ளு எங்கிருந்து வந்தது என்று நானூறு பக்கம் எழுதுவார்கள். குதிரைக்காரன் பெண்டாட்டி என்ன தின்றாள் என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் வரலாறு இல்ல பாய்" என்று சிரிப்பார்கள். பாய் என்றால் எங்கள் ஊரில் அம்மணி.

கேட்டவள் சுலபா தாமலே, கல்லூரியில் வரலாறு நடத்தியவள், என் சிநேகிதி. பிறந்தபோது அவள் பெயர் சசி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தாம்பாளத்து அரிசியில் மோதிரத்தால் 'சுலபா' என்று எழுதினார், சசி போய்விட்டாள். எங்கள் வீடுகளில் கல்யாணமாகும் பெண்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் இவளுக்குப் பட்டம் ஒரு பெயரில், வேலை இன்னொரு பெயரில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள்.

"உசிரோட இருக்கிற எனக்கே இந்தக் கதின்னா, செத்துப்போனவளுங்க கதி என்ன குந்தா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருடம், தொலைந்துபோன பெண் பெயர்களைத் தேடுவதே வேலை. பழைய மராட்டி ஆவணங்களின் மோடி எழுத்தைப் படிக்கக் கற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், வயதான பெண்களிடம் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டுக் குறித்து வந்தாள். எங்கள் மேதாவிகள் அவளுக்கு வைத்த பட்டம் 'சென்சஸ் பாய்'.

மாவட்டத்துச் சுதந்திரப் போராட்டம் பற்றி மண்டலம் புத்தகம் போட்டபோது, ஒப்புக்கு ஓர் அத்தியாயத்தை அவளிடம் தள்ளினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் காட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போன இருபத்திரண்டு பெண்களின் பெயரை அவள் சிறைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தலைவர் நானாசாகேப் வைசம்பாயன் பதினான்கு பெயரைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். அச்சிட்ட குலவிருத்தாந்த நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு தேடினாராம், எந்த வம்சாவளியிலும் இந்தப் பெயர்களில் மருமகள்களே இல்லையாம். இந்த அழகில் அவருக்கு ஆராய்ச்சிச் செம்மல் என்று ஒரு பொன்னாடை வேறு.

கூட்டத்தில் சுலபா பொறுமையாகத்தான் சொன்னாள். "நானாசாகேப், புருஷனுக்கு சர்க்கார் வேலை. பொண்டாட்டி ஜெயிலுக்குப் போனது தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும். அதனால பொறந்த வீட்டுப் பேரைக் கொடுத்துட்டு உள்ள போனாங்க. உங்க வம்சாவளியில கல்யாணத்துக்கு அப்புறம் வெச்ச பேருதான இருக்கு?"

"ஆதாரம் வேணும் பாய். ஊகம் வரலாறு ஆகாது."

"சரி. உங்க அம்மா பேரு என்ன?"

"ராதாபாய் வைசம்பாயன். ஊருக்கே தெரியும்."

"அது உங்க அப்பா அரிசியில எழுதினது. அவங்க அம்மா வெச்ச பேரு?"

நானாசாகேப் அடுத்த தீர்மானத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். பேஷ்வாவின் குதிரைகளுக்கெல்லாம் பெயர் சொல்லக்கூடிய மனுஷர்! மற்ற ஆறு பேரும் அப்படித்தான். ஒருத்தருக்கும் தன் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவர் நூலகத்துக்கு வந்தார்.  பூனாவிலிருக்கும் மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் பீமா அப்யங்கர். பட்டியலில் ஒன்பதாவது, சிவப்பு மைக்கு அடியில். நான்கு மாதச் சிறை. அந்த நான்கு மாதமும் அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததாக அவரிடம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

சுலபாவின் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "பாய், இந்த ஒரு பேரை மட்டும் சேர்த்துடுங்க. போட்டோ தர்றேன், முழுப் பக்கம் போடலாம்."

மனுஷன் அழுவார் என்று நினைத்தேன். போட்டோ சைஸ் பேசினார்.

"பதினாலு பேரும் வந்தா உங்க அம்மாவும் வருவாங்க. இல்லன்னா அவங்களுக்கும் ஆதாரம் இல்ல நானாசாகேப்," என்றாள் சுலபா.

புத்தகத்தில் பதினான்கு பேரும் வந்தார்கள்.

வெளியீட்டு விழாவில் நானாசாகேப் தலையில் பேட்டாத் தலைப்பாகை கட்டிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். மறைந்து கிடந்த வீராங்கனைகளைத் தான் கண்டெடுத்த கதையைத் தழுதழுத்துச் சொன்னார். சுலபா தாமலே என்ற பெயர் அதில் ஒருமுறைகூட வரவில்லை. அவளோ கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஊர் இனிப்பான கந்தி பேடா தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு ரோஷமே கிடையாதாடி? எழுந்து போய் மைக்கைப் பிடுங்கு," என்றேன்.

"சும்மா இரு குந்தா. நான் கண்டுபிடிச்சதுன்னா நாளைக்கு எவனாவது அந்தப் பேருங்களை மறுபடி சிவப்பு மையால அடிப்பான். அவர் கண்டுபிடிச்சதா இருந்தா ஒருத்தனும் கை வைக்க மாட்டான்."