பலகைக்கு எதிர்ப்பக்கம்

குற்றாலிங்கத்துக்கு வலது முழங்கால் மடங்காது. மர வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், செங்கோட்டைச் சாலையில் வண்டி குடைசாய்ந்து மரத்தடி ஒன்று காலின்மேல் உருண்டுவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதில் எலும்பு கூடிவிட்டது. மூட்டுதான் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. நடப்பான், நிற்பான். குத்தவைக்க முடியாது, சம்மணம் போட முடியாது. பந்தியில் காலை நீட்டி உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் தடுக்கி விழுவான் என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டான். பெண் கேட்டுப் போன இடங்களிலும் முதலில் காலைத்தான் பார்த்தார்கள். இரண்டு மூன்று இடம் தட்டிப்போனதும் அண்ணன் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

தென்காசியில் நமசிவாயம் பிள்ளை நடத்திய சைவாள் மெஸ்ஸில் காய் வெட்ட அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். 1953ஆம் வருஷம் அது. மற்றவர்கள் அருவாமனையை மிதித்து உட்கார்ந்து வெட்டுவார்கள். இவன் நின்றுகொண்டே வெட்டியாக வேண்டும். அதற்குக் கத்தியும் பலகையும் வேண்டும். ஆரம்பத்தில் பழைய சரக்குப் பெட்டியின் மூடியைத்தான் கவிழ்த்துப் போட்டுக்கொண்டான். அது நார் நாராகப் பிய்ந்தது. ஒருநாள் சாப்பிட வந்த வக்கீல் குமாஸ்தா அவியலிலிருந்து ஒரு சிராயை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். அடுத்து வேப்பம்பலகை வந்தது. வெள்ளரிக்காய்ப் பச்சடி கசக்கிறது என்று சமையல்காரர் கரண்டியைத் தூக்கி எறிந்தார்.

"ஏலே குற்றாலம், நல்ல பலகையா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா. இல்லன்னா உன்னைய மாவாட்டத்தான் போடணும்" என்றார் முதலாளி. ஆட்டுரலில் உட்கார்ந்து ஆட்டவும் இவனால் ஆகாது என்பது அவருக்கும் தெரியும்.

செங்கோட்டையில் மூசாவின் மரக்கடைக்குப் போனான். வண்டிக்காரனாக இருந்தபோதே பழக்கம். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது.

"என்னத்துக்குவே பலகை?" என்று கேட்டார் மூசா.

"காய் வெட்ட."

"அதுக்கு அருவாமனை கெடையாதா உம்ம ஊர்ல?"

குற்றாலிங்கம் காலைத் தட்டிக் காட்டினான். மூசா அதற்குமேல் கேலி பேசவில்லை. "தேக்கு வேண்டாம், காயில வாடை ஏறும். புளி கறிக்கடைக்காரனுக்குத்தான் சரி. கத்தி மொண்ணையாயிரும், உம்மால தூக்கவும் ஏலாது. மா தண்ணியக் குடிச்சு ஊதிப்போவும். பிலா எடுத்துக்கிடும்."

சாய்த்து வைத்திருந்த பலாப்பலகைகளைக் குற்றாலிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தான். சத்தம் அமுங்கிய பலகைக்குள் எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று தள்ளி வைத்தான். கணு உள்ளதையும் வெளிறிப்போன ஓரம் உள்ளதையும் ஒதுக்கினான். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மரம் அதை எவ்வளவு சீக்கிரம் குடிக்கிறது என்று பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய் மோந்தான்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்கீரு" என்றார் மூசா.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல என்னையல்லா பாத்தாவ" என்றான் குற்றாலிங்கம். இருவரும் சிரித்தார்கள்.

அவன் எடுத்தது வைரம் பாய்ந்த பலகை. பழுத்த மஞ்சள் நிறம், பாதிக் கதவு அகலம். இழைத்து வாங்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்தான். அதன்பிறகு அதை இன்னொருவர் தொட விடவில்லை. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஒரு முகம், மற்றக் காய்க்கு மறு முகம். வேலை முடிந்ததும் உப்பைத் தூவி, எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவுவான். நனையவிட்டுப் போட்டுவைக்க மாட்டான். வெயிலில் காட்டினால் வளைந்துகொள்ளும், அடுப்பருகே வைத்தால் வெடிக்கும் என்று, நிழலில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்துவான். கத்தித் தடங்கள் ஆழமானால் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சமமாக்குவான்.

ஆனியில் சீசன் தொடங்கியதும் நமசிவாயம் பிள்ளை குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து மெஸ்ஸை நடத்துவார். பாத்திரங்களோடு பலகையும் வண்டி ஏறும். அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டத்துக்குப் பசி தாங்காது. காய் மலைபோல் குவியும். கூடுதல் ஆட்களைச் சீசனுக்கு மட்டும் எடுப்பார்கள். 1954இல் அப்படி வந்தவள்தான் தங்கத்தாய்.

இலஞ்சியில் மாமியாரோடு இருந்தாள். புருஷன் அய்யாக்குட்டி கல்யாணமான மறு வருஷமே கொழும்புக்குப் போனவன். முதலில் இரண்டு கடுதாசி, பிறகு தகவலே இல்லை. காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். பின்புறக் கொட்டகையில் சாக்கை விரித்து அருவாமனையில் உட்கார்ந்து வெட்டினாள். சாரல் பக்கவாட்டில் அடித்துத் தரை முழுக்க ஈரம். இரண்டே நாளில் தும்மல் பிடித்துக்கொண்டது.

"தங்கத்தாயி, எதுக்கு ஈரத்துல கெடக்க? இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்னு வெட்டு" என்றான் குற்றாலிங்கம்.

"எனக்குக் கத்தி பழக்கமில்ல, அண்ணாச்சி."

"அருவாமனையில காய் அசையும். இதுல கத்தி அசையும். அம்புட்டுத்தான்."

வந்து நின்றாள். முதல் நாள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டாள். மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடியும் வெட்டினாள். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. அவன் புடலங்காயைச் சீவ, அவள் சேனையைத் துண்டு போட, இரண்டு கத்திகளின் சத்தமும் முன்னும் பின்னுமாக ஓடி, ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அப்போது அவன் நிமிராமல் வெட்டுவான். நிமிர்ந்தால் கலைந்துவிடும் போலிருக்கும்.

பலகைக்கு அவன் தேங்காயெண்ணெய் தடவுவதைப் பார்த்து, "சாரல் காலத்துல தேங்காண்ணெ சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெயச் சூடாக்கித் தடவிப் பாருங்க அண்ணாச்சி" என்றாள். பலகை விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதவன் அன்றைக்கே நல்லெண்ணெய் வாங்கிவந்தான். மறுநாள் காலை அவள் பலகையை மோந்து பார்த்துத் தலையை ஆட்டினாள்.

தெற்கத்தி ஊரில் அண்ணாச்சி என்பது எல்லோரையும் கூப்பிடுகிற வார்த்தை. மளிகைக் கடைக்காரரும் அண்ணாச்சி, பஸ் கண்டக்டரும் அண்ணாச்சி. இருந்தாலும் அவள் வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் குற்றாலிங்கத்துக்கு எங்கோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆவணியில் சீசன் முடியும். பலகை தென்காசிக்கு இறங்கும். அவள் இலஞ்சிக்குப் போய்விடுவாள், களை பறிக்க, நாற்று நட. மற்ற மாதங்களில் அவன் மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பான். மலைமேல் மேகம் இறங்குகிறதா, காற்று திரும்புகிறதா என்று பங்குனியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவான். "சீசனுக்கு இவனுக்கு என்னலே இம்புட்டு அவசரம்? அருவியில ஒரு நாளும் குளிச்சதில்ல" என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார்.

அப்படியே சீசன்கள் போயின. ஒரு வருஷம், எந்த நாளிலிருந்து என்று அவனுக்கே பிடிபடவில்லை, அவள் அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டிருந்தாள். "இந்தாருங்க, இந்தக் கத்திய கொஞ்சம் தீட்டித் தாங்க" என்றாள். குரங்கு ஒன்று கொட்டகைக்குள் புகுந்து மாங்காயைத் தூக்கியபோது, "இந்தாருங்க, இங்கன பாருங்க" என்று கத்தினாள். வீடுகளில் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. சட்டினிக்கு அரைத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். குற்றாலிங்கம் குரங்கை விரட்டவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

கொழும்பிலிருந்து தகவல் இல்லாமல் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கேட்டுவிடலாம் என்று 1958 சீசன் முழுவதும் நினைத்தான். கடைசி நாள் சாமான் வண்டியோடு அவளும் நடந்துவந்தாள். பலகை வைக்கோல்மேல் கிடந்தது. இலஞ்சிக்குப் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"அடுத்த வருசம் வருவியா?"

"வராம எங்க போறேன்?" என்றாள். இன்னும் ஏதோ கேட்பான் என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள். மாடு தலையை ஆட்டியது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வரப்பில் இறங்கிப் போனாள்.

கார்த்திகை மாதம் பேச்சித்தாய் சேதி கொண்டுவந்தாள். கொழும்பில் கலவரம் நடந்ததில் உயிர் தப்பினால் போதும் என்று அய்யாக்குட்டி கப்பலேறி வந்துவிட்டானாம். ஆள் பாதியாக இளைத்திருந்தானாம். குற்றாலிங்கம் அன்று பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டி முடித்தான். பலகையைக் கழுவினான். துடைத்தான். பிறகு மறுபடியும் கழுவினான்.

வைகாசியில் தங்கத்தாய் தென்காசி மெஸ்ஸின் பின்வாசலில் வந்து நின்றாள். காதில் புதுத் தோடு, கொழும்புக் கவரிங்.

"அண்ணாச்சி" என்றாள்.

அந்த ஒரு சொல்லே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அவள் மேலும் பேசினாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவுக அங்க ஓட்டல்லதான் வேலை பாத்தாவளாம். நல்லாக் கத்தி பிடிப்பாவ. இனி என்னைய வேலைக்கு அனுப்ப மாட்டாவ. என் எடத்துல அவுகளச் சேக்கச் சொல்லி முதலாளிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். வேற யாருட்டயும் கேக்க எனக்கு வாய் வரல."

"சொல்லுதேன்" என்றான்.

சொன்னான். அந்தச் சீசனில் பலகைக்கு எதிர்ப்பக்கம் அய்யாக்குட்டி நின்றான். அவனை வெறுக்கத்தான் குற்றாலிங்கம் முதலில் முயன்றான். முடியவில்லை. நல்ல மனுஷன். வெங்காயம் வெட்டும்போது கொழும்புப் பாட்டு ஏதாவது பாடி, கண்ணீரோடு சிரிக்க வைப்பான். பாரப் பாத்திரங்களை இவனைத் தூக்க விடமாட்டான். ஒருநாள் தானாகவே சொன்னான்: "கடுதாசி போடணும்னு நெனைப்பேன் அண்ணாச்சி. என்னன்னு போட? ஒண்ணும் சம்பாதிக்கலையேன்னு வெக்கமா இருக்கும். அப்பிடியே நாளு ஓடிப் போச்சு. அவ காத்துக் கெடந்தா பாருங்க."

"ஆமா" என்றான் குற்றாலிங்கம்.

அவள் பற்றிய சேதிகள் இப்போது அய்யாக்குட்டி வாய்வழிதான் வந்தன. அவளுக்குக் காய்ச்சல், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கிணற்றில் விழுந்த கோழி, மாமியாரோடு அவள் போட்ட சண்டை. அவன் கேட்க மாட்டான். சொல்வதைக் கேட்டபடி கத்தியை மெல்ல ஓட்டுவான்.

1961இல் புருஷனும் பெண்சாதியுமாகப் பாவூர்சத்திரத்துக்குப் போனார்கள். காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார்கள். போகுமுன் அய்யாக்குட்டி, "உங்களது மாதிரி ஒரு பலகை எடுத்துத் தாங்க. அவ கேக்கா" என்றான். குற்றாலிங்கம் செங்கோட்டைக்குப் போனான். மூசா கடையில் ஒரு பகல் முழுவதும் நின்றான். மறுநாளும் போனான். கடைசியில் எடுத்த பலகை அவளுடைய உயரத்துக்கும் கைவீச்சுக்கும் தோதானது. அளந்து பார்க்க அவனுக்கு நூல் தேவைப்படவில்லை. நான்கு நாள் நல்லெண்ணெய் ஊட்டி, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினான்.

அதற்குப்பிறகு, பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்க் காய் எடுத்துவருகிற வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். "இந்தக் காலோட ஏம்லே அலையணும்?" என்றார் முதலாளி. நல்ல காயாகப் பார்த்து எடுக்க ஆள் வேண்டாமா என்றான். பஸ்ஸில் உட்கார முடியாது. படி ஓரம் கம்பியைப் பிடித்து நின்றே போவான். மூட்டைகளைக் கட்டிப் போட்டுவிட்டு அவர்கள் கடையில் சாப்பிடுவான். அவனுக்காக உயரமான ஒரு ஸ்டூலைப் போட்டிருந்தார்கள். காலை நீட்ட இடம் விட்டு எதிரே ஒன்றும் வைக்கமாட்டாள் தங்கத்தாய். சோற்றைப் போடுவாள், குழம்பை ஊற்றுவாள், "இன்னும் கொஞ்சம்" என்பாள். அவன் போதும் என்பான். இரண்டு மூன்று வருஷம் அவன் அவளோடு பேசிய பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் சந்தைக்குப் போகிற நாளில் சட்டையை முந்தின நாளே துவைத்துப் போட்டுவிடுவான்.

1964 தை மாதம் ஒரு மத்தியானம். கூட்டம் வடிந்திருந்தது. அய்யாக்குட்டி அவன் இலைக்கு எதிரே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நானும் ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். கடை ஓடுது, எங்களால முடியல. நீங்க இங்கனயே வந்துருங்க. பின்னால ஒரு ரூம்பு கெடக்கு. மூணு பேருமாப் பாப்போம். அங்க உங்களுக்கு ஆரு இருக்கா?"

குற்றாலிங்கத்தின் கை இலையிலேயே நின்றது. அடுப்படியில் அவளுடைய கத்திச் சத்தமும் நின்றது. ஒவ்வொரு நாளும், சீசன் இல்லாமல், சாரல் இல்லாமல், பலகைக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அய்யாக்குட்டி வெளியே சுமைக்காரனோடு பேசப் போனான்.

குற்றாலிங்கம் எழுந்து பின்புறம் கை கழுவப் போனான். தங்கத்தாய் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அவன் கையைத் தேய்த்துக் கழுவினான். அவள் குரல் மெதுவாக வந்தது.

"வராதிய."

அவன் நிமிர்ந்தான்.

"அவுக வெள்ளை மனசோட சொல்லுதாவ. அவுக மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க மேலயும் இல்ல." செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் கவிழ்த்தபடியே பிடித்திருந்தாள். "என்னாலதான் ஆகாது. வந்து நின்னியன்னா, என்னால ஆகாது."

அவன் ஈரக் கையோடு நின்றான். இலஞ்சிக்குப் பிரிகிற இடத்தில் அன்று அவள் ஏன் நின்றாள் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கேட்டிருந்தால் என்று நினைத்தான். கேட்டிருந்தால் அய்யாக்குட்டி கப்பலிலிருந்து இறங்கி எங்கே போயிருப்பான் என்றும் நினைத்தான்.

"சரி" என்றான். "வரல."

அவள் முந்தானையின் நுனியை அவனிடம் நீட்டினாள், கையைத் துடைத்துக்கொள்ள. பிறகு தானே அதைப் பின்னுக்கு இழுத்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் துடைத்துவிட்டு வெளியே வந்தான்.

அய்யாக்குட்டியிடம், முதலாளி விடமாட்டார் என்றான். அவன் ரொம்ப வருத்தப்பட்டான். மூட்டைகளைத் தானே தூக்கி பஸ் மேல் ஏற்றினான். தென்காசி போய்ச் சேரும் வரை குற்றாலிங்கம் கம்பியைப் பிடித்தபடி நின்றான். கண்டக்டர் டிக்கெட் கேட்டது அவன் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டினார்.

மெஸ்ஸில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். காய் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு அவன் அவர் முன்னால் போய் நின்றான்.

"அண்ணாச்சி, இனி சந்தைக்கு வேற ஆளை அனுப்புங்க."

"ஏம்லே, என்னாச்சு?"

"காலு நோவுது" என்றான் குற்றாலிங்கம்.