வண்டி மாடுகளுக்கு எழுதிவைத்த நிலம்

பத்தாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஓட்டப்பிடாரத்திலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, வக்கீலம்மா காலையில தவறிட்டாவ" என்றார் அவருடைய குமாஸ்தா. கோவில்பட்டி நீதிமன்றத்தில் பழகிய உங்களுக்கெல்லாம் வழக்கறிஞர் பேச்சியம்மாளை, ஓயாமல் கேள்வி கேட்பவராகத் தெரியும். எங்கள் அறக்கட்டளைக்கு அவர் செய்ததை நான் சொல்ல வேண்டும்.

கயத்தாறு சாலையோரம் கிணறும் கல்தொட்டியும் உள்ள ஒரு நிலத்தை, வண்டி மாடுகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் தண்ணீர் கொடுப்பதற்கென்று விவசாயம் பார்த்த ஒரு சம்சாரி அந்தக் காலத்தில் எழுதிவைத்தார். வண்டிகள் ஓய்ந்து வெகுகாலமாகிவிட்டது. அங்கே மாணவியர் விடுதி கட்டலாம் என்று, அந்த நிலத்தைப் பராமரிக்கும் எங்கள் அறக்கட்டளையின் அறங்காவலர்கள் ஐந்து பேரும் தீர்மானித்தோம். செயலாளர் என்பதால் தீர்மானத்தை நான் பேச்சியம்மாளிடம் கொண்டுபோனேன். விடுதி என் பல வருட ஆசை.

அவர் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். "அஞ்சு பேரு கை தூக்குனா போதாது அண்ணாச்சி. எழுதிவச்சவரும் தூக்கணும்லா."

"அவரு எப்பவோ போய்ச் சேந்துட்டாரே. நாங்க செய்யுததும் நல்ல காரியந்தான?"

"நல்ல காரியந்தான். ஆனா அது உங்க நல்ல காரியம். அவரு நெனச்சது என்னன்னு பாக்கணும்."

எரிச்சலோடு திரும்பினேன்.

அடுத்த வாரம், சித்திரை வெயிலில் அவர் அந்த நிலத்தில் குடையோடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்தச் சாலையில் யாருக்குத் தாகம் எடுக்கிறது என்று பார்க்க வந்தாராம். லாரியை நிறுத்திய ஓட்டுநரிடம், "எங்கன குளிப்பீங்க? எங்கன படுப்பீங்க?" என்று விசாரித்தார். ஆடு ஓட்டிவந்த பெண்ணிடம், தொட்டியில் தண்ணீர் இருந்தால் இங்கே நிற்பாயா என்று கேட்டார். "நிக்காம? ஆடு என்னைய விடாதுல்லா" என்றாள் அவள்.

அதற்குள் எழுதிவைத்தவரின் வாரிசுகள் கிளம்பிவிட்டார்கள். வண்டியே இல்லை, தருமமும் முடிந்தது, நிலம் எங்களுக்குத்தான் என்றார்கள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தால், பத்திரத்தை மீறியவர்களாக நாங்கள் நின்றிருப்போம். மாட்டுவண்டிதான் போனது, சாலையில் தாகம் போகவில்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் எங்களுக்காக மனுப் போட்டுப் பேச்சியம்மாள் வாதாடினார். லாரி ஓட்டுநர்களுக்குக் குடிநீரும் ஓய்விடமும், கால்நடைகளுக்குத் தொட்டியும் என்று நோக்கத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. வாரிசுகளின் கோரிக்கை எடுபடவில்லை.

நீதிமன்றப் படியிறங்கும்போது, "எழுதிவச்சவருக்கு இது சம்மதமா இருக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியலயே அண்ணாச்சி. தெரியாததுனாலதான கோர்ட்டுக்கு வந்தோம்."

விடுதி கட்டப்படவில்லை. மானாவாரிக் கிராமங்களின் பிள்ளைகள் இன்னும் இரண்டு பஸ் மாறித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அந்த மனக்குறையை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "கொறை இருக்கட்டும். அதுக்குன்னே எழுதித் தர ஒரு ஆளத் தேடுங்க" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரக் கூட்டத்தில், அந்த நிலத்தில் செல்போன் கோபுரம் வைக்க இடம் விடலாமா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியல. பத்திரத்தப் பாப்போம்" என்றேன். வாழ்நாளெல்லாம் வகுப்பில் பதில் சொல்லியே பழகிய வாத்தியாருக்கு அந்த வார்த்தை சுலபத்தில் வராது. அது பேச்சியம்மாள் எனக்குக் கொடுத்தது.