தங்கம் பசாருக்குப் போயிருக்கு

அப்பா அந்தப் படத்தை உண்மையிலேயே பார்த்தாரா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது.

சென்ற வாரம் வீடியோ கடையில் அந்தப் படத்தின் கேசட் கண்ணில் பட்டதிலிருந்து இதே யோசனைதான். உறையில் இரும்புத் தொப்பி போட்ட ஐந்து வீரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சொல்லமாட்டேன். ஊரே கொண்டாடிய பழைய படம். ரசித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பெட்டியைத் திறந்தால் வெறும் பிளாஸ்டிக் வாசம். எனக்கென்னவோ ஃபெர்ரியின் டீசல் வாசம்தான் மூக்கில் ஏறியது.

ஏனென்றால் நான் அந்தப் படத்தை முதலில் 'பார்த்தது' ஃபெர்ரியில்தான். எழுபதுகளில், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பா மேல்தட்டில் இடம்பிடித்துக் கதையை ஆரம்பிப்பார். சண்டை போட்டு அலுத்துப்போன ஐந்து வீரர்கள் போருக்கே லீவு போட்டுவிட்டு, எதிரியின் பாதாள அறையில் இருக்கும் தங்கத்தைத் திருடக் கிளம்புகிறார்கள். ஜார்ஜ்டவுன் கரையை விட்டு ஃபெர்ரி நகரும்போது வீரர்களும் நகர்வார்கள். நடுக்கடலில் சுவரில் ஓட்டை விழும். பட்டர்வொர்த் தெரியும்போது தங்கம் வந்தாக வேண்டும்.

தலைவன் ஓட்டைக்குள் தலையை விட்டு, உள்ளே போன ஆளிடம் கிசுகிசுப்பான்: "டேய், தங்கம் உள்ள இருக்கா?"

உள்ளே ஒரு ஜாகா, அதாவது காவல்காரன், தூங்கிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவியின் பெயரும் தங்கம். பாதித் தூக்கத்தில் எரிந்து விழுவான்:

"தங்கம் பசாருக்குப் போயிருக்குலா! நீ யாரு, அவ அண்ணனா?"

அவ்வளவுதான். ஐந்து பேரும் போர் டாங்கியைத் திருப்பிக்கொண்டு பசாருக்கு ஓடுவார்கள்.

"ராத்திரியில எந்த பசாருங்க தொறந்திருக்கும்?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ஏன், பசார் மாலாம் இல்லியா? ராத்திரிச் சந்தைக்கு ராத்திரிதான் போவாங்க!"

பக்கத்து இருக்கைக்காரர்களும் சிரித்துவிடுவார்கள். அப்பா மட்டும் ஒன்றும் அறியாதவர் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் மகன் பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அவனுக்குத் தாத்தா என்றால் இந்தக் கதைதான். சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லிவருகிறேன். (ஏழு வயதுப் பிள்ளைக்கு ஊட்டலாமா என்று கேட்காதீர்கள். மாமியார் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.) நான் வீட்டுக்கு எடுத்துவந்த கேசட்டைப் பார்த்ததும் குதித்தான். சனிக்கிழமை சேர்ந்து பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் போர்ப்படம் ஆயிற்றே, ரத்தம், கெட்ட வார்த்தை ஏதாவது இருந்தால்? அவன் பள்ளிக்குப் போயிருந்தபோது நான் முதலில் போட்டுப் பார்த்தேன்.

வீரர்கள் பேசினார்கள், சிகரெட் பிடித்தார்கள், மறுபடி பேசினார்கள். டாங்கி உறுமியது. அன்று விடுப்பில் இருந்த என் கணவர் சோபாவில் படுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். நான் துணி மடித்தபடி ஜாகாவுக்காகக் காத்திருந்தேன். சுவரில் ஓட்டை விழுந்தது. தங்கம் இருந்தது. அள்ளிக்கொண்டு போனார்கள். படம் முடிந்துவிட்டது.

"என்னா, நல்லாதானே இருந்துச்சு?" என்றார் கணவர்.

"தங்கம் எங்க?"

"அதான் லாரியில ஏத்திட்டானுங்களே!"

பெயர்கள் ஓடி முடியும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீரர்கள் பேசியது இங்கிலீஷ். அந்த நாட்டில் எந்த ஜாகா தன் மனைவியைத் தங்கம் என்று கூப்பிடப்போகிறான்? இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கிப் படித்தவள் நான். இத்தனை வருடம் இது தோன்றவே இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "படத்துக்குப் போனாரும்மா. ஆனா ஏர்கான்ல உக்காந்தா உங்கப்பாவுக்கு உடனே கொறட்டைதான்," என்றார். அப்புறம் மெதுவாக, "தங்கம் வரலியா?" என்று கேட்டார். அம்மாவும் அதை நம்பித்தான் இருந்திருக்கிறார்.

அப்பா படம் பார்த்த, அல்லது தூங்கிய, அந்தத் தியேட்டரில் இப்போது சோபா விற்கிறார்கள். பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் பாலத்தில் காரில் போகிறோம். கதையில் சுவரில் ஓட்டை போடுவதற்குள் அக்கரை வந்துவிடுகிறது.

நாளை சனிக்கிழமை. மகன் வகுப்பில் எல்லாரிடமும் ஜாகா கதையைச் சொல்லிவைத்திருக்கிறான். சத்தத்தை அணைத்துவிட்டு என்னையே பேசச் சொல்கிறார் கணவர். சொல்லிப் பார்த்தேன், அப்பாவின் அந்தத் தூக்கக் குரல் எனக்கு வரவில்லை. தங்கம் இல்லாத படத்தை அவனுக்குக் காட்டவா? அல்லது கேசட் கெட்டுவிட்டதென்று சொல்லித் தாத்தாவின் படத்தை அப்படியே அவனிடம் விட்டுவிடவா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.