ஷாமினியின் பதினைந்து நிமிடம்

பகாவ் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஹேமநாதன் லாரிகளின் எடையைக் குறித்துவைக்கும் எடைமேடைக் கிராணி. ஒரு கிலோ பிசகினாலும் லாரிக்காரரை விடமாட்டார். தோட்டத்துச் சதுரங்கப் போட்டிக்கும் அவரே நடுவர். ஆட்டக் கடிகாரம் வாங்குவதைப் பற்றிக் கமிட்டி வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தது. பொறுக்கமாட்டாமல் அவரே இணையத்தில் தேடினார். முதலில் கிடைத்த கடிகார மென்பொருள் காசு கேட்டது, அடுத்தது வீட்டுக் கம்ப்யூட்டரையே முடக்கிப் போட்டது, மூன்றாவதுதான் சொன்னபடி கேட்டது. ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

கடைசி ஆட்டம் அவர் வீட்டு ஹாலிலேயே, அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நடந்தது. ஜெயிப்பவருக்கு மாநிலக் குழுவில் இடம், அதுவும் ஒரே ஓர் இடம். இடது பக்கம் ரந்தாவிலிருந்து வந்த ஷங்கர், வலது பக்கம் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷாமினி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இன்னும் இரண்டு நகர்த்தலில் ஷாமினி ஜெயித்திருப்பாள். அதற்குள் அவள் நேரம் தீர்ந்துவிட்டது.

"அண்ணே, அவருக்கு மட்டும் நேரம் கூடுற மாதிரி இருந்துச்சு லா."

"தோத்துட்டு கம்ப்யூட்டர் மேல பழி போடாதம்மா. மொதல்ல வெளையாடக் கத்துக்க," என்று கூட்டத்துக்கு முன்னாலேயே அவள் வாயை அடைத்தார் ஹேமநாதன். நாலு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் முருகையா வழக்கம்போல அவரோடு ஆட வந்தார். பழக்குலை வெட்டுகிறவர், எதையும் நிதானமாக யோசிக்கிற மனுஷர். அவருக்கென்று ஹேமநாதன் ஒரு சலுகை வைத்திருந்தார். அவர் உட்காரும் இடது பக்கத்துக்கு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடி கூடும். முருகையா காயை நகர்த்தியதும் திரையில் எண்கள் ஏறின. ஹேமநாதனுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிப்போயிற்று. போட்டியன்று அந்தச் சலுகையை எடுக்க அவர் மறந்தே போயிருந்தார். அது இல்லாதிருந்தால் இடது பக்கம் இருந்த ஷங்கரின் நேரம்தான் முதலில் தீர்ந்திருக்கும்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொல்லிற்று. அப்படி நினைத்ததற்காகவே தன் மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. நாலாம் நாள் ஷாமினி வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புண்ணே. ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எல்லாரு முன்னாலயும் என்னைத் திட்டுனீங்க. இப்ப தனியா வந்து சொல்றீங்களே."

ஹேமநாதன் கைப்பேசியை எடுத்தார். தோட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, குரல்பதிவை அழுத்தினார்.

"நான் ஹேமநாதன் பேசுறேன். ஷாமினி தோக்கல. தப்பு பண்ணது நான்."

அவர் சொல்லி முடிக்கும்வரை ஷாமினி எதிரிலேயே நின்று கேட்டாள்.