சாமுண்டீஸ்வரியின் நண்டுப் பட்டி

சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கால்தான் கிளம்பும். பழவேற்காடு ஏரித் தீவில், சேற்றுப் பொந்துக்குள் கைவிட்டு நண்டு பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வியாபாரி அஸ்லம் பாய் அன்று படகில் வந்து பார்த்தபோது அவள் கூடையில் பாதி நண்டு செத்துக் கிடந்தது. செத்த நண்டை எந்த ஓட்டலும் தொடாது. இந்தத் தீவு ஜனத்துக்குச் சுறுசுறுப்பு போதாது, அக்கரை ஆரம்பாக்கம் பெண்கள் தருவதில் கால்வாசிகூட இங்கே தேறவில்லை, இனி படகு வருவது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். படகு நின்றால் தீவுப் பெண்கள் பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் துடைப்பம் பிடிக்க வேண்டியதுதான்.

மறுநாளே அவள் ஆரம்பாக்கத்தில் நின்றாள். சித்தி மகள் குப்பம்மாளோடு சேற்றில் இறங்கினாள். அதே ஏரி, அதே பொந்து. சொல்லப்போனால் குப்பம்மாளைவிட இவளே அதிகம் பிடித்தாள். கரையேறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே பிடித்த நண்டு வெயில் ஏறுமுன் பஸ் ஏறிவிடுகிறது. தீவிலோ படகு வரும்வரை நாள்கணக்கில் கூடைக்குள் புழுங்கிச் சாகிறது. ரோடு இல்லாத ஊருக்குச் சோம்பேறிப் பட்டமா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ரோட்டைத் தீவுக்கு இழுத்து வர முடியாது. ஊர் திரும்பியதும் பழைய வலையை மூங்கிலில் கட்டி, ஏரித் தண்ணீருக்குள்ளேயே பட்டி போட்டு நண்டுகளை விட்டாள். பாவம், வலிக்குமே என்று கொடுக்குகளைக் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். விடிந்து பார்த்தால் ஒன்றையொன்று பிய்த்துத் தின்றிருந்தன. ஊரே சிரித்தது. அவளும் கூடவே சிரித்துவிட்டு, அடுத்த பிடியைக் கொடுக்குக் கட்டோடு இறக்கினாள். அந்தப் பிடிவாதத்துக்கே அவளைக் கும்பிடலாம். சிரித்த பெண்களும் ஒவ்வொருவராகப் பட்டி போட்டார்கள்.

வருமோ வராதோ என்றிருந்த படகு, காற்று முரண்டு பிடித்ததில் ரொம்பத் தாமதமாக வந்தது. அஸ்லம் பாய் நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் கால்களை உதறின.

"இன்னாக்கா, இப்பத்தான் உங்க ஜனத்துக்கு சுறுசுறுப்பு வந்துச்சா?"

"எங்க கை அப்பவும் இதே கைதான் பாய். நண்டுதான் இப்ப உசுரோட வருது."

பாய் தானே குனிந்து கூடைகளைப் படகில் ஏற்றினார். கிளம்பும்போது, அடுத்து என்றைக்கு வரட்டும் என்று அவளிடம்தான் கேட்டார்.